பனிச்சாலை விபத்துக்குப் பிறகு முழு மாரத்தான்: ஜனவரிக்குள் தயாராவது சரியா?

பெருமாள்புரத்தான் கேட்டது:

அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான் சில ஆண்டுகளாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் வேலை பார்த்து வருகிறேன். டூ ஹார்பர்ஸ் என்னும் சிற்றூரில் தொடங்கி, சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டியே வந்து துலூத் நகரில் முடியும் கிராண்ட்மாஸ் மாரத்தான் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கும். இந்த ஆண்டு அதற்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பயிற்சியில் இருந்தபோது, பொங்கல் கழிந்த வாரம் ஒரு விடியற்காலையில், ஆற்றுப்பாலம் ஒன்றின் மேல் என் கார் பிளாக் ஐஸில் (சாலையில் கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய பனிக்கட்டிப் படலத்தில்) வழுக்கிவிட்டது. சாலை வெறுமனே நனைந்திருப்பதாகத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. டயர் தரையில் உரசும் இரைச்சல் சட்டென்று நின்றதும், ஸ்டீயரிங் கையில் கனமே இல்லாமல் திரும்பியதும் இன்றைக்கும் தெளிவாக நினைவிருக்கின்றன. வண்டி அரைவட்டம் அடித்துப் பாலத்தின் பக்கச்சுவரில் போய் மோதியது.

சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் உயிரைக் காப்பாற்றின. நெஞ்செலும்பு முறிந்தது, இடப்பக்க விலாவில் கீறல் விழுந்தது, தலையிலும் அதிர்ச்சி ஏற்பட்டதால் சில வாரங்கள் வெளிச்சத்தைப் பார்த்தாலே தலைவலி வந்தது. அறுவை சிகிச்சை எதுவும் தேவைப்படவில்லை. சித்திரையில் ஊருக்கு வந்துவிட்டேன்; ஜனவரி கடைசி வரை இங்கிருந்தே வேலை பார்க்க அலுவலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. இங்கே எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றும், இனி ஓடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு ஓடலாம் என்று கேட்டதற்கு, "பார்த்து ஓடுங்க" என்பதோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

இப்போது அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் ஐந்து கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். மூன்றாவது கிலோமீட்டருக்கு மேல் மூச்சை ஆழமாக இழுத்தால் இடது விலாவின் அடியில் ஓர் இழுவை வருகிறது, நின்றால் போய்விடுகிறது. ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் முழுத் தூரமும் ஓட வேண்டும் என்பது என் ஆசை. அம்மாவோ, "தப்பிச்சு வந்ததே நெல்லையப்பர் புண்ணியம், இன்னும் என்னலே ஓட்டம்?" என்கிறார். இந்த ஆறு மாதம் போதுமா என்பது முதல் கேள்வி. இன்னொன்றும் உண்டு. மனைவி காரை ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போதெல்லாம், இல்லாத பிரேக்கை என் வலது கால் தானாகவே அழுத்துகிறது. பிப்ரவரியில் திரும்பப் போய் அதே பனியில் வண்டி ஓட்டியாக வேண்டும். இதற்கு என்ன செய்வது?

வண்ணை இயன்முறை மருத்துவர் எழுதியது:

தம்பி, முழுசாக வீடு வந்து சேர்ந்ததே பெரிய காரியம். உங்களை நேரில் சோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலா எலும்பு பெரும்பாலும் 6 வாரத்தில் கூடிவிடும். நெஞ்செலும்புக்கு 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஆகவே உங்கள் எக்ஸ்ரே நன்றாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் எலும்பு கூடுவது வேறு, நெஞ்சுக்கூடு பழையபடி விரிந்து சுருங்குவது வேறு. வலிக்குப் பயந்து வாரக்கணக்கில் மேலோட்டமாகவே மூச்சு வாங்கிப் பழகியவர்களுக்கு விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும், அந்த எலும்புகள் முதுகெலும்போடு சேரும் சிறு மூட்டுகளும் இறுகிப்போகின்றன. முதல் இரண்டு கிலோமீட்டர் வரை உங்கள் உடம்பு குறைந்த மூச்சைக் கொண்டே சமாளித்துவிடுகிறது. அதற்கு மேல் ஆழ்ந்த மூச்சு தேவைப்படும்போது இறுகிய இடம் எதிர்ப்புக் காட்டுகிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஒரு குளியல் துண்டை எடுத்து நெஞ்சுக்கூட்டின் அடிப்பகுதியில் சுற்றி, முனைகளை முன்பக்கம் குறுக்காகப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன் உட்காருங்கள். மூக்கால் மெல்ல மூச்சை இழுக்கும்போது துண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவாக விரிகிறதா என்று பாருங்கள். இடப்பக்கம் பின்தங்கினால் அந்தப் பக்கத்துத் துண்டை இலேசாக இறுக்கிப் பிடித்து, அந்த அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டு மூச்சை உள்ளே வாங்குங்கள். பிறகு வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடக்கி வைத்தபடி, இடது கையை மட்டும் வானத்தைக் காட்டிப் பின்னால் கொண்டுபோய்த் தரையை நோக்கி இறக்குங்கள். காலையும் மாலையும் செய்தால் சில வாரங்களில் வித்தியாசம் தெரியும். யாரையாவது எதிரே நின்று நீங்கள் ஓடுவதைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அடிபட்ட பக்கத்துக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடும் வழக்கம் பலருக்கு வந்துவிடும், அது அவர்களுக்கே தெரியாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. நெஞ்செலும்பு முறியும் அளவுக்கு அடி விழுந்திருந்தால் அதற்கு நேர் பின்னால் இருக்கும் இதயமும் அடி வாங்கியிருக்கலாம். ஓடும்போது படபடப்பு, நெஞ்சு இறுக்கம், கண் இருட்டுதல், வேகத்துக்குப் பொருந்தாத மூச்சிரைப்பு ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பயிற்சியை அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும். எதுவும் இல்லாவிட்டாலும், மாரத்தான் என்ற பேச்சை எடுப்பதற்கு முன் ஒரு இசிஜி, எக்கோ, டிரெட்மில் சோதனை மூன்றையும் இதய மருத்துவர் ஒருவரிடம் முடித்துக்கொள்ளுங்கள். தலை அதிர்ச்சிக்கும் இதே கண்டிப்புதான். ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிய நாளில் தலைவலியோ மந்தமோ வந்தால் முந்தைய நிலைக்கு இறங்கிவிட்டு, குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்ட பிறகே மறுபடி ஏற வேண்டும்.

ஆறு மாதம் போதுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு மூன்று வாரத்திற்குள் 7 விழுக்காடு அளவுக்கும், இரண்டு மூன்று மாதத்தில் 16 விழுக்காடு அளவுக்கும் குறைவது நன்கு பழகிய ஓட்டக்காரர்களிடமே காணப்பட்டிருக்கிறது. இந்த இழப்பு சீக்கிரமே திரும்பிவிடும். சிக்கலே அதில்தான் இருக்கிறது. இரண்டு மாதத்தில் மூச்சு உங்களுக்குப் பழைய தெம்பைக் கொடுத்துவிடும். ஆனால் குதிகால் தசைநாணும் கணுக்கால் எலும்பும் அந்தத் தெம்புக்கு ஈடுகொடுக்க இன்னும் பல வாரம் கேட்கும். நான் பார்க்கும் ஓட்டக்காரர்களில் பலர், விபத்தில் பட்ட அடியைவிட, திரும்பி வந்த அவசரத்தில் பட்ட அடிக்காகவே என்னிடம் வருகிறார்கள். தீபாவளிக்குள் வலியில்லாமல் 25 கிலோமீட்டர் ஓட முடிந்தால் ஜனவரியில் முழு மாரத்தானுக்கு நான் தடை சொல்ல மாட்டேன். முடியாவிட்டால் அரை மாரத்தானுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பாளை உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

மருத்துவர் சொன்னதில் கடைசி வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஜனவரியில் முழு மாரத்தான் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குக் காரணம் உங்கள் உடம்பு மட்டும் அன்று, நம் ஊரின் பருவமும்தான்.

இப்போது ஆனித் தேரோட்டம் முடிந்த சமயம். ஆடி முடியும் வரை மேல்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். பேட்டை வழியாகத் தென்காசிச் சாலையில் மேற்கே பார்த்து ஓடினால், அதே வேகத்துக்கு இரண்டு மடங்கு மூச்சு வாங்குவது போலத் தோன்றும். விலாவில் இழுவை இருப்பவர் இதைச் செய்யவே கூடாது. காற்று தணிந்தால் புரட்டாசியில் வெயில் மறுபடி ஏறும். அது முடிந்தால் வடகிழக்குப் பருவமழை. ஜனவரியில் 42.195 கிலோமீட்டர் ஓட வேண்டியவர் தன் நீண்ட ஓட்டங்களை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முற்பகுதியில் முடித்தாக வேண்டும்; சரியாக அந்த வாரங்களைத்தான் மழை எடுத்துக்கொள்ளும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒவ்வோர் ஆண்டும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து மழையில் போனால், விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மூன்றாவது ஞாயிறு பத்துக் கிலோமீட்டரை ஒரேயடியாகக் கூட்டத் தோன்றும். கால் உடைவது அன்றைக்குத்தான்.

எங்கள் தேரை நான்கு வடமும் சேர்ந்து இழுத்தால்தான் அது நேராக வரும். ஒரு வடத்துக்காரர்கள் மட்டும் முந்தினால் கோணிக்கொண்டு நின்றுவிடும். உங்களுக்கு மூச்சு, எலும்பு, தசைநாண், மனம் என்று நான்கு இருக்கின்றன, நான்கும் நான்கு வேகத்தில் திரும்பி வருகின்றன. கடைசியாக வருவது எதுவோ, அதற்கு ஏற்றபடிதான் கால அட்டவணை போட வேண்டும். ஆகவே ஜனவரியில் சென்னையில் 21 கிலோமீட்டர் ஓடுங்கள். முழு மாரத்தானை நீங்கள் விட்ட இடத்திலேயே, அடுத்த ஜூன் மாதம் அந்த ஏரிக்கரையிலேயே ஓடலாம். அதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு கிடைக்கிறது.

சூட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குளிர்நாட்டிலிருந்து வந்தவரின் உடம்பு வெயிலில் ஓடிப் பழகப் பத்து முதல் பதினான்கு நாள் தொடர்ந்து ஓட வேண்டும். இடையில் ஏசி அறையிலேயே கிடந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை இழந்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம். அதை வெறுந்தண்ணீராகவே ஊற்றி நிரப்பினால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். நீண்ட ஓட்டங்களில் அது உயிருக்கே ஆபத்தாகலாம். உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ போதும், விலை கூடிய பொடிகள் தேவையில்லை.

மாரத்தானையும் கார் விபத்தையும் சேர்த்துப் பேசும்போது சிலர் உடனே எத்தியோப்பிய மாரத்தான் வீரர் அபெபே பிக்கிலாவின் கதையை எடுத்துவிடுவார்கள். குடல்வால் அறுவை நடந்து சில வாரங்களிலேயே 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடி, 2 மணி 12 நிமிடத்தில் வென்றவர் அவர். அதே மனிதர் 1969இல் கார் விபத்தில் சிக்கியபின் எழுந்து நடக்கவே இல்லை; சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு வில்வித்தைப் போட்டிகளில் கலந்துகொண்டார். மன உறுதி இரண்டு முறையும் அவரிடம் ஒன்றுதான், காயம்தான் வேறு. 1964ஐ மட்டும் சொல்லி உங்களை யாராவது உசுப்பேற்றினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

எட்மன்டன் தென்காசியான் எழுதியது:

வாத்தியார் ஐயா சொன்ன ஜூன் திட்டம் நல்லது. ஆனால் அதற்கான பயிற்சியில் பாதி பிப்ரவரி, மார்ச் மாதப் பனியில் அமையும் என்பதால் சில சொற்கள்.

பாலம் முதலில் உறைவதற்குக் காரணம், அதற்கு மேலும் கீழும் குளிர்ந்த காற்று ஓடுவதுதான். மற்ற சாலைக்கு அடியிலிருந்து மண்ணின் வெப்பம் கொஞ்சம் வந்துகொண்டிருக்கும்; பாலத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. கடுங்குளிரைவிடச் சுழியத்தை ஒட்டிய குளிர்தான் அதிகம் வழுக்கும் என்பதையும் நம் ஊர்க்காரர்கள் பலர் நம்புவதில்லை; உருகும் நிலையில் இருக்கும் பனியின் மேல் நீர்ப்படலம் நின்றுவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக்கை மிதித்தபின் காய்ந்த தார்ச்சாலையில் சுமார் 20 மீட்டரில் நிற்குமானால், பிளாக் ஐஸில் நிற்க 140 மீட்டர் எடுக்கும். ஓட்டுநரின் திறமையால் இந்த இடைவெளியை அடைக்க முடியாது. வேகத்தை முன்கூட்டியே குறைப்பதும், குளிர்கால டயர் போடுவதும்தான் வழி. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கிவிடும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது.

வழுக்கத் தொடங்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வண்டியின் முகம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்து ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், தொடர்ந்து அழுத்தியே பிடிக்கலாம். காலுக்கடியில் அது அதிர்வதைக் கண்டு பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. நீங்கள் பிப்ரவரியில் வந்ததும், காலியான பெரிய வாகன நிறுத்தம் ஒன்றில், அனுமதி கேட்டுக்கொண்டு, பனி படிந்த நாளில் வேண்டுமென்றே மெதுவாக வழுக்கவிட்டுப் பழகுங்கள். எனக்குப் பயம் தெளிந்தது அப்படித்தான். ஓட்டத்துக்கு, காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் கம்பி முள் பட்டைகள் கிடைக்கும். பனி இறுகிய நாளில் வெளியே போகாமல் உள்ளரங்கப் பாதையிலோ டிரெட்மில்லிலோ ஓடிக்கொள்வது நல்லது.

மகாராசநகர் செவிலி எழுதியது:

எல்லா அண்ணாச்சிமார்களும் எலும்பையும் டயரையும் பேசிவிட்டீர்கள், தம்பியின் வலது காலைப் பற்றிச் சரியாக யாரும் பேசவில்லை. ஆபத்தில் செய்ய முடியாமல் போன ஒன்றை உடம்பு திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது இயல்புதான். ஆனால் விபத்து நடந்து இவ்வளவு மாதம் கழித்தும் இருப்பதால் சில கேள்விகள். கனவில் அந்தப் பாலம் வருகிறதா? விபத்தைப் பற்றிய பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறீர்களா? பாலத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகச் சுற்றிப் போகச் சொல்கிறீர்களா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம். விபத்துக்குப் பின் வரும் இந்தப் பயத்துக்கென்றே நன்கு சோதிக்கப்பட்ட பேச்சு சிகிச்சைகள் இருக்கின்றன. வாகன நிறுத்தத்தில் வழுக்கிப் பழகச் சொன்ன அண்ணாச்சியின் யோசனை அதற்குப் பிறகுதான்.

இல்லையென்றால் படிப்படியாகப் பழகலாம். போக்குவரத்து இல்லாத காலை நேரத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அந்த ஈரடுக்குப் பாலத்தைத் தாண்டுங்கள். கால் அழுத்தினால் அழுத்தட்டும், கண்ணை மூடாதீர்கள். பயம் தானாகத் தணியும் வரை மீண்டும் மீண்டும் போய்விட்டு, பிறகு நீங்களே ஓட்டுங்கள். மழைக்காலம் வந்ததும் நனைந்த சாலையிலும் ஓட்டிப் பாருங்கள். நம் பக்கத்தில் பனி இல்லையே தவிர வழுக்கலுக்குக் குறைவில்லை: முதல் மழையில் தூசியும் எண்ணெயும் கலந்து கிடக்கும் தார்ச்சாலையிலும், அறுவடை நாளில் சூடடிக்க வைக்கோல் பரப்பியிருக்கும் கிராமத்துச் சாலையிலும் விழுந்து வருகிறவர்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஒரு வேண்டுகோள். பெல்ட்டால் பிழைத்தவர் நீங்கள். காரின் பின் இருக்கையில் அம்மாவுக்கும் பெல்ட் போட்டுவிடுங்கள். நம் ஊரில் பின்னால் உட்காருகிறவர்கள் அதைத் தொடுவதே இல்லை.

பெருமாள்புரத்தான் எழுதியது:

விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இசிஜி, எக்கோ, டிரெட்மில் மூன்றும் முடிந்தன. இதயத்தில் குறை எதுவும் இல்லை. துண்டைச் சுற்றிப் பார்த்ததில் இடப்பக்கம் தெளிவாகப் பின்தங்குகிறது. மருத்துவர் ஐயா எழுதியது அப்படியே இருக்கிறது. சென்னையில் அரை மாரத்தான், அடுத்த ஜூனில் துலூத் என்று முடிவு செய்துவிட்டேன். அரை என்றதும் அம்மாவின் எதிர்ப்பும் பாதியாகக் குறைந்திருக்கிறது. செவிலி அக்கா கேட்ட கேள்விகளில் கனவு மட்டும் உண்டு, அதிலும் எப்போதாவதுதான். ஆனாலும் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். வாத்தியார் ஐயா, இந்தக் காற்றில் எந்தப் பக்கம் ஓடுவது நல்லது என்று சொல்லுங்கள்.

பாளை உடற்கல்வி ஆசிரியர் (ஓய்வு) எழுதியது:

ஆடி முடியும் வரை திறந்த சாலைக்கே போக வேண்டாம். அரங்கத்துக்குள்ளேயே சுற்றுங்கள், காற்று ஒரு பக்கம் எதிர்த்தாலும் மறுபக்கம் தள்ளிவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு நாங்கள் சிலர் வ.உ.சி. மைதானத்து வாசலில் கூடி, ஆறு கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறோம். ஓடிக்கொண்டே பேச முடியாதவரை எங்கள் கூட்டத்தில் முன்னால் விடுவதில்லை. வரும்போது சர்க்கரை போடாத மோர் ஒரு பாட்டில் கொண்டு வாருங்கள்.